கண்ணுக்குத் தெரியாத அமானிதம்

 

இப்பகுதியில் வழக்கமாகத் தொழுகை, குடும்பம், பிள்ளை வளர்ப்பு ஆகியவை குறித்து எழுதுவதுண்டு. இம்மாதம் ஜல்லி, மணல், கம்பி ஆகியவை குறித்து எழுத விரும்புகின்றேன். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஒருவனுக்கும் கான்கிரீட்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். கல்லூரியில் கலைப்பாடம் பயின்ற எனக்கும் ஓராண்டுக்கு முன்வரை அவ்வாறே தோன்றியது. ஒரு குழி என் எண்ணத்தை மாற்றிற்று.

கள்ளக்குறிச்சிக்கு அருகில் அமைந்த எங்கள் மத்ரஸா சிறியது. இரண்டு அறைகள், ஒரு தாழ்வாரம். மாலை வேளையில் எண்பது பிள்ளைகள் நெருக்கியடித்து அமர்ந்து ஓதுவார்கள். எங்கள் ஜமாஅத்தில் அரிசி ஆலையொன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மனைவி மறைந்த பின்னர், அம்மையாரின் வளையல்களை விற்ற தொகையோடு தம் சேமிப்பையும் சேர்த்து ஐந்து இலட்சம் ரூபாயை எடுத்துக்கொண்டு வந்தார். "ஹஜ்ரத், மாடியிலே ஒரு ஹால் கட்டிடுங்க. படிக்கட்டுப் பக்கத்துல அவ பேரைப் போட்டு ஒரு கல்லு வைங்க. பிள்ளைங்க ஓத ஓத அவளுக்கு நன்மை போய்ச் சேரட்டும்" என்றார். நான் மகிழ்ந்து போனேன். ஜும்ஆவுக்குப் பின் நானே அதனை அறிவித்தேன். ரமளானுக்கு நான்கு மாதங்கள் இருந்தன. அதற்குள் முடித்துவிடலாம் என்று எல்லோரும் கூறினோம்.

எங்களிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று கட்டடப் பொறியாளராக இருக்கிறார். மதிப்பீடு போட வந்த அவர், சுவர்களைச் சுற்றி வந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மேலே என்ன கட்டப் போறோம்னு எல்லாரும் சொல்றீங்க ஹஜ்ரத். கீழே என்ன இருக்குன்னு யாராச்சும் சொல்லுங்களேன்."

ஒருவருக்கும் விடை தெரியவில்லை. கட்டிய கொத்தனார் காலமாகிவிட்டார். வரைபடம் என்று எதுவும் இல்லை. "முப்பது வருஷமா நிக்குது, இன்னும் முப்பது வருஷம் நிக்கும்" என்றார் எங்கள் மேஸ்திரி. பொறியாளரோ சுவரோரம் ஒரு குழி தோண்டச் சொன்னார்.

இரண்டரை அடி ஆழத்திலேயே கடைக்கால் முடிந்துவிட்டது. சேற்றுக் கலவையில் அடுக்கிய கருங்கற்கள். அவற்றுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் கரிசல் களிமண். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறிய விரிசல் ஒன்று அச்சுவரில் நெடுநாளாக இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் ரமளானுக்கு வெள்ளையடிக்கும்போது அதனைப் பூசி மறைத்து வந்தோம். ஒவ்வோர் ஆண்டும் அது மீண்டும் திறந்துகொண்டது. அது எங்களிடம் ஏதோ சொல்ல முயன்றிருக்கிறது. நாங்களோ அதன் வாயைச் சுண்ணாம்பு கொண்டு அடைத்து வந்திருக்கிறோம்.

மண் கற்பிக்கும் பாடம்

கரிசல் மண்ணின் இயல்பை நம் விவசாயிகள் நன்கறிவார்கள். கோடையில் அது வெடித்துப் பிளக்கும். மழையில் நீரை உறிஞ்சி உப்பும். மேல்மட்டத்தில் அமர்ந்த கடைக்கால், இம்மண்ணோடு ஆண்டுதோறும் ஏறி இறங்குகின்றது. கட்டடம் முழுவதும் ஒரே அளவில் ஏறி இறங்கினால் தீங்கு குறைவு. ஒரு மூலை மட்டும் இறங்கும்போதே சுவர் கிழிகின்றது. ஆகவே இத்தகைய மண்ணில், ஈரம் மாறிக்கொண்டே இருக்கும் மேலடுக்கைக் கடந்து, கெட்டியான தரை தட்டும் வரை வானம் பறிக்க வேண்டும். கரிசல் நிலத்துக்கென்றே, அடியில் குமிழ்போல் விரிந்த கான்கிரீட் தூண்களை மண்ணுக்குள் இறக்கும் முறையை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆய்வு நிறுவனம் உருவாக்கித் தந்துள்ளது.

இனி எடைக்கணக்கைப் பாருங்கள். கம்பி வைத்த கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2,500 கிலோ எடையுள்ளது. ஐந்து அங்குலக் கனத்தில் 600 சதுர அடிக்குத் தளம் போட்டால் அத்தளம் மட்டுமே 17 டன்னைத் தாண்டும். அதன்மேல் சுவர், கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, எண்பது பிள்ளைகள். இத்தனையையும் அந்த இரண்டரை அடிக் கற்களின் தலையில் ஏற்றவே நாங்கள் ஆயத்தமாக இருந்தோம்.

எங்கள் வேலைக்குக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த கம்பி கட்டுபவர் ஒருவர், குழியைப் பார்த்துவிட்டுத் தம் ஊர்ச் செய்தியைச் சொன்னார். மலைச்சரிவில் வீடு கட்டுவோர் மேற்புறத்தை வெட்டி, அம்மண்ணைக் கீழ்ப்புறம் கொட்டி மட்டப்படுத்துகிறார்கள். வீட்டின் பாதி வெட்டிய நிலத்திலும் பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கின்றது. மழைக்காலத்தில் கொட்டிய மண் இறங்க, வீடு நடுவில் பிளக்கின்றது. தடுப்புச்சுவர் கட்டுவோரும் நீர் வடியத் துளைகள் விட மறந்துவிடுகிறார்கள். பின்னால் தேங்கும் நீரின் அழுத்தமே சுவரைத் தள்ளிவிடுகின்றது.

அம்மலை நெடுங்காலம் ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. 1976-ஆம் ஆண்டில் அம்முறை முடிவுற்ற பின்னரே அரசின் பணிகள் மெல்ல மெல்ல மேலேறின. மண்சுவரும் புற்கூரையுமாக இருந்த இல்லங்களின் இடத்தில் அரசுத் திட்டங்களால் கான்கிரீட் வீடுகள் எழுந்து வருகின்றன. 2024-இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை என்பது விதி. ஒரு வீட்டுக்கு மூன்றரை இலட்சம் ரூபாய் வழங்கப்படுகின்றது. புற்கூரை சரிந்தால் காயத்தோடு போகலாம். கான்கிரீட் கூரை சரிந்தால் அவ்வாறு போகாது. ஆகவே கூரை மாறும்போது கடைக்காலும் மாற வேண்டும்.

கல்லும் இரும்பும்

நம் பாட்டனார் காலத்து மாடி வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் என்னும் தளத்தைக் காணலாம். தேக்கு உத்தரங்களின் மீது சிறு செங்கற்களை நிறுத்தி வைத்து, சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு நாட்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். பாரிஸ் நகரத் தோட்டக்காரர் ஜோசப் மோனியர், பூந்தொட்டிகள் உடையாதிருக்கச் சிமெண்டுக்குள் இரும்புக் கம்பிவலை வைத்து 1867-இல் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் சிமெண்டு உற்பத்தி 1904-இல் சென்னையில்தான் தொடங்கிற்று. இன்று நமக்கு அருகிலுள்ள அரியலூர்ச் சுண்ணாம்புக்கல், மூட்டை மூட்டையாகச் சிமெண்டாகி நம் தெருக்களுக்கு வருகின்றது.

கான்கிரீட்டுக்குள் இரும்பு ஏன்? கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்குவதில் வல்லது. இழுவையைத் தாங்குவதிலோ அதன் வலிமை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். இரு சுவர்களின் மேல் கிடக்கும் தளம் தன் எடையால் நடுவில் சற்றே தொய்கின்றது. அப்போது மேற்பகுதி நெருக்குண்கிறது, அடிப்பகுதி இழுபடுகின்றது. இழுபடும் இடத்தில் கம்பி இருந்தால்தான் தளம் நிற்கும். வெயிலில் கான்கிரீட்டும் இரும்பும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிவது வல்ல இறைவன் அவற்றின் இயல்பில் வைத்த பொருத்தம். அஃதில்லையேல் ஒரு கோடையிலேயே அவை பிரிந்துவிடும்.

இதில் இல்லத்தரசிகளும் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நடுத்தளத்தில் முதன்மைக் கம்பி அடியில் இருக்க வேண்டும். ஆனால் சன்ஷேட், பால்கனி போன்று சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பவற்றில் அது மேற்புறத்தில் இருக்க வேண்டும். ஏனெனில் அங்கே இழுபடுவது மேற்புறமே. கான்கிரீட் போடும் பரபரப்பில் ஆட்கள் அக்கம்பிகளின் மேல் மிதித்து நடக்க, அவை கீழே அமுங்கிவிடுகின்றன. கம்பியின் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். இடம் மட்டும் தவறியிருக்கும். முட்டுகளைப் பிரிக்கும் நாளில் பால்கனியும் கூடவே இறங்கிவிடும்.

மற்றொன்று, கம்பிக்கும் வெளிப்புறத்துக்கும் இடையிலுள்ள மறைப்பு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000-இல் திருத்தி வெளியிட்ட ஐ.எஸ். 456 விதிகளின்படி, சாதாரணச் சூழலில் தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40, மண்ணுக்குள் இருக்கும் பூட்டிங்குக்கு 50 மில்லிமீட்டர் மறைப்பு வேண்டும். இதற்கென்றே கவர் பிளாக் வைக்கின்றோம். அதற்குப் பதிலாகக் கையில் அகப்பட்ட ஜல்லியைக் கம்பிக்கடியில் செருகுவோர் உண்டு. மறைப்புக் குறைந்த கம்பியை ஈரம் எட்டும். துரு பிடித்த இரும்பு முன்னிருந்த அளவைவிடப் பெருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்து பிளந்து உதிர்க்கும். பழைய வீடுகளின் கூரையில் சில்லு சில்லாகப் பெயர்ந்து கம்பி பல்லிளிப்பதன் காரணம் இதுவே.

ஒரு குடம் தண்ணீர்

கலவையில் மிகுந்த தீங்கு விளைவிப்பது விலையில்லாப் பொருளான தண்ணீர்தான். ஒரு பங்கு சிமெண்டு, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்னும் கலவையில் 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. ஆனால் கலவை இளகினால் தள்ளுவதற்கு எளிது. ஆகவே ஒரு குடம் கூடுதலாக ஊற்றுகிறார்கள். அந்தக் கூடுதல் நீர் பின்னர் ஆவியாகி வெளியேறும்போது உள்ளே நுண்துளைகளை விட்டுச் செல்கின்றது; கான்கிரீட் வலுவிழக்கின்றது.

ஆனால் தளம் இறுகிய பின்னர் அதே தண்ணீரை நாம் வாரி வழங்க வேண்டும். "கான்கிரீட் காய்ந்துவிட்டது" என்று சொல்கின்றோம். அது காய்வதன்று, தண்ணீரோடு சேர்ந்து இறுகுவது. குடிப்பதற்கு நீர் இல்லையேல் அது வளராத பிள்ளை. பாத்தி கட்டிக் குறைந்தது ஏழு நாட்களும், கள்ளக்குறிச்சிக் கோடை போன்ற வெயிலில் பத்து நாட்களும், சாம்பல் கலந்த சிமெண்டாயின் பதினான்கு நாட்களும் நீர் நிறுத்துதல் நலம். முழுவலிமையை 28-ஆம் நாளில்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். முட்டுகளைப் பொறுத்தவரை, சாதாரணச் சிமெண்டில் நாலரை மீட்டர் வரையிலான தளத்துக்கு ஏழு நாட்கள், அதற்கு மேல் பதினான்கு நாட்கள். ஆறு மீட்டருக்கு மேற்பட்ட பீம்களுக்கு இருபத்தொரு நாட்கள் என்பது விதி. வாடகைச் சென்ட்ரிங் பலகையை அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்காக இதனைச் சுருக்கலாகாது.

விதியும் அலட்சியமும்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மடிந்த பின்னர், பள்ளிகளில் ஓலைக்கூரை ஒழிந்து கான்கிரீட் வந்தது. கான்கிரீட் வந்துவிட்டால் பாதுகாப்பும் வந்துவிட்டது என்று எண்ணியிருந்தோம். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் ஒரு மாலைப்பொழுதில் சரிந்து 61 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்திருந்த தொழிலாளிகள். இடி விழுந்ததே காரணம் என்று முதலில் ஒரு பேச்சு எழுந்தது. பின்னர் நடந்த ஆய்வுகள் வடிவமைப்பின் குறைகளையே சுட்டின. அருகிலேயே நின்ற மற்றொரு கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் உயரமான சுற்றுச்சுவர் மழையில் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் உயிரிழந்தனர். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளியொன்றின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தனர்.

இத்தகைய செய்தி கேட்டதும் நம்மில் சிலர், "எல்லாம் விதி" என்று முடித்துவிடுகின்றோம். விதியை நம்புவது ஈமானின் பகுதி. அலட்சியத்தை விதியின் தலையில் சுமத்துவது அதன் பகுதியன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்புச் சாட்டச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

திருமறையின் தவ்பா அத்தியாயம், இறையச்சத்தின் மீது அடித்தளமிட்ட கட்டடத்தையும், அரித்துச் சரியும் கரையோரத்தில் எழுப்பிய கட்டடத்தையும் எதிரெதிரே வைத்துக் காட்டுகின்றது. அளவில் குறைப்போரைக் கண்டிப்பதற்கென்றே ஓர் அத்தியாயமும் உண்டு. அதனை ஓதிக்கொடுக்கும்போது கடைத்தராசை மட்டுமே இதுவரை விளக்கி வந்தேன். ஐந்து மூட்டை போட வேண்டிய இடத்தில் நான்கு மூட்டை போடுவதும் அளவில் மோசடியே அன்றோ? தராசில் குறைந்தால் வீட்டுக்குப் போய் நிறுத்துப் பார்க்கலாம். கான்கிரீட்டில் குறைந்தால் எவரால் நிறுத்துப் பார்க்க இயலும்? மண்ணுக்குள் போன கடைக்காலையும், கான்கிரீட்டுக்குள் மறைந்த கம்பியையும், கலவைக்குள் கரைந்த சிமெண்டையும் மூடிய பின்னர் எவரும் காண்பதில்லை. எவரும் காணாத இடத்தில் ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு நம் மார்க்கத்தில் அமானிதம் என்று பெயர்.

மண்ணுக்குள் போன வளையல்கள்

குழி தோண்டிய அன்று மாலை ஜமாஅத் கூடிற்று. பழைய கட்டடத்தின்மேல் மாடி ஏற்றலாகாது. அருகிலுள்ள வெற்றிடத்தில் தனியே தூண்கள் எழுப்பிக் கட்ட வேண்டும். கெட்டிச் சரளை தட்டும் ஆறடி ஆழத்துக்குப் போக வேண்டும் என்றார் பொறியாளர். பெரியவர் தந்த தொகை பூட்டிங்குக்கும் தரைமட்டப் பெல்ட்டுக்குமே போய்விடும் என்றும் சொன்னார். சிலர் சினந்தனர். "ரமளானுக்கு முடிச்சிடுவோம்னு ஊரெல்லாம் சொல்லியாச்சே" என்றனர். சொன்னவன் நான்தான். என் வாய்ச்சொல்லைக் காப்பதா, எண்பது பிள்ளைகளின் தலையைக் காப்பதா என்று என்னையே நான் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. "நான் அவசரப்பட்டு அறிவித்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுந்து நின்று கூறினேன்.

பெரியவர் ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டார். மனம் நொந்து போனாரோ என்று அஞ்சிப் பின்தொடர்ந்தேன். கைவிளக்கோடு குழியின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். நெடுநேரம் கழித்து, "அங்கேயே போட்டுடுங்க ஹஜ்ரத். மண்ணுக்குள்ளேயே போடுங்க. அவளும் அங்கேதானே இருக்கா" என்றார். பெயர்க் கல்லைப் பற்றிக் கேட்டேன். "அஸ்திவாரத்துல யாரு கல்லு வைப்பா? அவனுக்குத் தெரிஞ்சா போதும்" என்றார்.

அந்த ரமளான் பழைய அறைகளிலேயே கழிந்தது. எஞ்சிய செலவுக்கு ஊரார் சிறுகச் சிறுகத் தந்தனர். தளம் போடும் நாளில் பெரியவர் 30 லிட்டர் அளவுக்குக் கோடு போட்ட வாளியோடு கலவை இயந்திரத்தின் அருகில் அமர்ந்துவிட்டார். பிற்பகலில் களைத்துப்போன மேஸ்திரி குழாயை எடுத்தபோது, "மேஸ்திரி, உங்க பேரனும் இங்கேதான் ஓதுறான்" என்று மட்டும் சொன்னார். மேஸ்திரி குழாயைக் கீழே வைத்தார். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபிமொழியை நினைவிற்கொண்டு, சித்தாட்கள் உட்பட அனைவருக்கும் அன்று மாலையே கூலி கொடுத்து முடித்தோம். பதினான்கு நாட்கள் பாத்தியில் நீர் நின்றது. இஷா முடிந்ததும் பிள்ளைகள் வரிசையாக வாளி தூக்கினர்.

வீடு கட்டும் சகோதரர்களே! டைல்ஸும் பெயிண்டும் தேர்ந்தெடுக்கக் குடும்பத்தோடு கடை கடையாக ஏறுகின்றீர்கள், நல்லது. வானம் பறிக்கும் நாளிலும், கம்பி கட்டி முடித்த நாளிலும், தளம் போடும் நாளிலும் ஒருமுறை வந்து நில்லுங்கள். தகுதியுள்ள பொறியாளரிடம் வரைபடம் பெறுங்கள். மாடி எண்ணம் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். மூடும் முன்னர்ப் புகைப்படம் எடுத்து வரைபடத்தோடு சேர்த்துப் பெட்டியில் வையுங்கள். எங்களைப் போல் முப்பது ஆண்டு கழித்து உங்கள் பிள்ளைகள் குழி தோண்டிப் பார்க்க நேராதிருக்கட்டும். பணம் குறைவாயின் வீட்டின் அளவைக் குறையுங்கள். கடைக்காலின் ஆழத்தைக் குறைக்காதீர்கள்.

புதிய கூடத்தில் இப்போது பிள்ளைகள் ஓதுகிறார்கள். படிக்கட்டோரம் எவர் பெயரும் இல்லை. பெரியவர் அஸருக்குப் பின் வந்து, தூணொன்றில் சாய்ந்து சற்று நேரம் அமர்ந்துவிட்டுப் போகிறார்.

மறைவானவற்றை அறியும் அல்லாஹ், நம் இல்லங்களின் அடித்தளத்தையும் உள்ளங்களின் அடித்தளத்தையும் உறுதிப்படுத்துவானாக! ஆமீன்.